அரை லாரியும் சித்தியின் செம்பு அண்டாவும்

எங்கள் தெருவில் ஒரு பையன் புதுக் கார் வாங்கியிருக்கிறான். போன வாரம் அவனிடம், இதில் ரேடியேட்டர் எங்கேயப்பா இருக்கிறது என்று கேட்டேன். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் முழித்தான். கடைசியில், அதெல்லாம் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி மூடிவிட்டான். என் வயசுக்காரர்களே, நாமெல்லாம் அப்படி இருந்திருந்தால் மலையேறியிருப்போமா? ஆவி பீறிட்டு நிற்கிற வண்டி, டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடுகிற கண்டக்டர், பாறைமேல் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிற ஜனம், இதெல்லாம் இல்லாமல் நமக்கு ஏது மலைப் பயணம்? அதனால் இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பையனுக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்தோ. முப்பதுகளின் நடுப்பகுதி. கோயமுத்தூர் டவுனில் சிறுவாணித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்து, போகிற வருகிறவர்களெல்லாம் அந்த ருசியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் தோட்டம் கிணத்துக்கடவுக்குப் பக்கம். எங்களுக்குச் சிறுவாணியா வந்தது? உப்புக் கிணறுதான். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவருக்குக் கோபிசெட்டிபாளையத்துப் பக்கமிருந்து கட்டிக்கொண்டு வந்த சித்தி. சித்தி வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும்.

சித்தப்பாவுக்கு ஏர் பிடிக்கவே பிடிக்காது. மாட்டுக்குப் பின்னால் நடப்பதற்கென்றே ஒருத்தன் பிறப்பானா என்பார். தன் பங்குக் காட்டில் ஒரு துண்டை விற்று, எஸ்டேட் துரை ஒருவர் கழித்துவிட்ட காரை வாங்கினார். அதன் பின்பக்கத்தை அறுத்து எறிந்துவிட்டுப் பலகை அடித்து, சாமான் ஏற்றுகிற வண்டியாக்கினார். லாரி என்றும் சொல்ல முடியாது, கார் என்றும் சொல்ல முடியாது. ஊரில் அதற்கு அரை லாரி என்று பேர் வைத்துவிட்டார்கள். உட்காரும் இடத்தில் தோல் கிழிந்து தேங்காய்நார் எட்டிப் பார்க்கும். பெட்ரோலும், சாக்கும், சூடான இரும்பும் கலந்து ஒரு வாடை அடிக்கும். எனக்கு மல்லிகைப்பூ வாடையைவிட அதுதான் பிடிக்கும் என்றால் நம்புவீர்களா?

வால்பாறை எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்கென்று ஒரு கடை இருந்தது. அந்தக் கடைக்குக் காய்கறி கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சித்தப்பாவின் வேலை. சமவெளியில் அரை லாரி குதிரைதான். ஆழியாறு தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் போச்சு. இப்போது இருக்கிற அணையெல்லாம் அப்போது ஏது? காடுதான். நாலு வளைவு திரும்புவதற்குள் முன்னால் கடகடவென்று கொதிக்கும். ஆவி அடங்கக் காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி ஏறி, மறுபடி நின்று, கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் கீரையெல்லாம் வெந்துபோயிருக்கும். கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் பூசணியும் நேரத்துக்கு வந்தால் சரி, இல்லாவிட்டால் வேறு வண்டிக்குச் சொல்லிவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

அப்பா இதற்கு வைத்தியம் பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். வண்டிக்குக் கண் பட்டுவிட்டது என்று பூசணிக்காய் சுற்றி உடைத்தார். எலுமிச்சை கட்டினார். கறுப்புக் கயிறு கட்டினார். வண்டி அத்தனையையும் கட்டிக்கொண்டு அதே இடத்தில் போய்க் கொதித்தது. அதற்குமேல் அவருக்குப் பொறுமை இல்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டு நிறுத்தி, நான் பார்க்கவே சொன்னார்.

"பொங்கல் வரைக்கும் பாரு. அப்பவும் வழில நின்னுச்சுன்னா வண்டிய வித்துப்போட்டு வந்து ஏரப் புடி."

சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எப்போதும் தொணதொணவென்று பேசுகிற மனுஷன், தனியாகப் போய் அரை லாரிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

டவுனில் ஒரு மிஸ்திரி இருந்தார். கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்த கையோடு சைக்கிள் மிதித்து எங்கள் தோட்டத்துக்கு வந்தார். வண்டியைக் கிளப்பச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி, உள்ளே ஒரு ஈர்க்குச்சியை விட்டு எடுத்துக் காட்டினார். குச்சி நுனியில் வெள்ளை வெளேரென்று ஒட்டிக்கொண்டு வந்தது. எஞ்சின் தங்கமாட்ட இருக்குதுங்க, இதுதான் பத்தல என்றார். துரை ஊர்க் குளிருக்குச் செய்த சின்ன ரேடியேட்டர். அதில் எங்கள் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குழாய்களெல்லாம் அடைத்துப் போயிருந்தன. புதிதாக, பெரிதாக ஒன்று மெட்ராஸிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் அந்த விலைக்கு ஒரு ஜோடி நல்ல காளையே வாங்கலாம் என்றார். சித்தப்பாவிடம் கன்றுக்குட்டி வாங்கக்கூடக் காசில்லை.

மிஸ்திரி விடுகிற ஆள் இல்லை. உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில், கவிழ்ந்துபோன பஸ்ஸின் ரேடியேட்டர் ஒன்று கிடப்பது அவருக்குத் தெரியும். குழாய்களெல்லாம் நன்றாக இருக்கின்றன, மேல்தொட்டி மட்டும் நசுங்கிவிட்டது, கிட்டத்தட்ட இரும்பு விலைக்கே தருவான் என்றார். மேல்தொட்டியைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதற்கு நல்ல கனமான செம்புத் தகடு வேண்டும். அதற்குத்தான் என்ன செய்வதென்று தலையைச் சொறிந்தார்.

சித்தி அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா இருக்கிற இடத்தில் சித்தி வாய் திறக்க மாட்டாள். கணவனின் அண்ணனிடம் நேராகப் பேசுவது அப்போது வழக்கமில்லை. என்னைப் பக்கத்தில் இழுத்துக் காதில் சொன்னாள். "கண்ணு, மிஸ்திரியண்ணங்கிட்டக் கேளு. வெந்நி அண்டாச் செம்பு ஆகுமான்னு."

ஆகும் என்றார் மிஸ்திரி. அப்புறம் வீட்டில் நடந்த ரகளையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அது சித்தியின் பிறந்த வீட்டுச் சீர். கல்யாணத்தின்போது அவள் அண்ணன் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கியது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். வாய்ப்பக்கம் சித்தியின் பேரை உளியால் வெட்டியிருந்தது. சீர்ப் பாத்திரம் நசுங்கினாலே பிறந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள், இவள் அதை அறுக்கச் சொல்கிறாளே என்று அம்மா பதறிப்போனாள். சித்தப்பாவும் வேண்டாம் என்றுதான் சொன்னார். சித்தி குரலை உயர்த்தவில்லை.

"அக்கா, வருசத்துல மூணு நோம்பிக்குத்தானுங்க அந்த அண்டா கீழ எறங்குது. அதுக்கு வேல வெந்நி வெக்கறது. அங்க போயும் அதே வேலதானுங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இரண்டு நாள் சித்தியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்த மார்கழி மாதம் எங்கள் வண்டிக் கொட்டகை பட்டறையாகிவிட்டது. நவச்சாரப் புகையும் ஈயம் உருகுகிற வாடையும் மாட்டுச் சாணி வாடையோடு சேர்ந்து வீடுவரைக்கும் வரும். அண்டாவை மிஸ்திரி அறுத்தபோது சித்தி உள்ளே போய்விட்டாள். சத்தம் நின்ற பிறகுதான் வெளியே வந்தாள். வந்து, தகடு வளைந்திருந்த அழகைப் பார்த்து, நல்லா இருக்குதுங்க என்று மட்டும் சொன்னாள். அவள் பேரில் பாதி எழுத்து மேல்தொட்டியின் முன்பக்கத்தில் வந்திருந்தது. மீதி வேலைக்கு ஆகாத துண்டோடு போய்விட்டது.

பஸ் ரேடியேட்டர் அரை லாரியைவிட அகலம். அதை உட்கார வைக்க முன்சட்டத்தை அறுத்தார்கள். காற்றாடி இடிக்காமலிருக்க வேப்பங்கட்டை வைத்து முன்னால் தள்ளினார்கள். எஞ்சின் மூடி சாத்த வரவில்லை, கயிற்றால் கட்டினார்கள். பழைய குழாய்களுக்குள் இருந்த களிம்பைப் போக்க என்ன செய்வது என்று மிஸ்திரி யோசித்தபோது, செம்புக்குப் புளிதானே என்றாள் சித்தி. ஒரு பெரிய சட்டி நிறையப் புளித்தண்ணீர் காய்ச்சி ஊற்றினாள். மறுநாள் திறந்துவிட்டபோது பச்சையும் கறுப்புமாக வந்த அசிங்கத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு அதைத் தூக்கிக் கொண்டுபோய் மாட்டுக் கல்தொட்டியில் முக்கி, ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் வாயால் ஊதினார் மிஸ்திரி. குமிழி வருகிற இடத்தில் ஓட்டை. நானும் சித்தியும் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து குமிழி தேடினோம். இனிமேல் சிறுவாணித் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று மிஸ்திரி உத்தரவு போட்டார். மனுஷனுக்கே கிடைக்காத தண்ணீர் வண்டிக்கா என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் டவுனுக்குப் போகிறவர்களிடமெல்லாம் டின் கொடுத்து அனுப்பியது அவர்தான்.

எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைக்கிற ரப்பர் குழாய்தான் பாக்கி. பழையது அகலம் போதவில்லை. இங்கேதான் அப்பா புகுந்தார். அவருக்குத் தம்பிமேல் கோபம் தணிந்திருந்தது, தானும் ஏதாவது செய்ய வேண்டுமென்று மனம் தவித்தது. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கும்போது, தண்ணீர் மொள்ளுகிற பறிக்கு அடியில் தோலால் நீளமாக ஒரு தும்பி தொங்குமே, ஞாபகமிருக்கிறதா? அதற்காக வைத்திருந்த புதுத் தோலை எடுத்து வந்து, நாள் முழுக்கத் தண்ணீர் கொண்டுவருகிற தோல், இதைவிட என்ன வேண்டும் என்றார். எல்லோருக்கும் சரியென்றே பட்டது. மிஸ்திரி அன்றைக்கு இல்லை. குழாய் மாதிரித் தைத்துக் கம்பி போட்டு இறுக்கிவிட்டார்கள். அப்பா அதைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டார்.

பொன்மலைக் கோவில் அடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம் என்று அப்பாவும் ஏறிக்கொண்டார். அடிவாரம் வருவதற்குள் ஒரு வாடை கிளம்பியது பாருங்கள்! கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்த தண்ணீர். இதில் ஓடுவது கொதிக்கிற வெந்நீர். தோல் வெந்து, சுருங்கி, கம்பியிலிருந்து உருவிக்கொண்டு வாய் பிளந்துவிட்டது. கோவிலுக்கு வந்த ஜனமெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டது. சாமி கும்பிட வந்த இடத்தில் யாரடா தோலை வேகவைப்பது என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். பரம்பரை பரம்பரையாகத் தும்பி கட்டி இறைத்த குடும்பம், தோலை வெந்நீரில் போட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சித்தப்பா மாடு கட்டி வண்டியை இழுத்து வந்தார். மறுநாள் காலையில் அப்பா டவுனுக்குப் போய், மில்லில் கழித்துப்போட்ட நல்ல ரப்பர் குழாய் ஒன்றை யாரையோ பிடித்து வாங்கி வந்து, சித்தப்பாவின் காலடியில் வைத்துவிட்டுப் போனார். என் அப்பாவிடம் எனக்குப் பிடித்த குணம் இது.

எல்லாம் கூடி வந்தபோதுதான் சித்தியின் அண்ணன் பொங்கல் சீரோடு வந்து இறங்கினார். நான் அவரைக் கோபி மாமா என்று கூப்பிடுவேன். பெரிய மீசை, பெரிய குரல். அரிசி மூட்டையை உள்ளே வைக்கப் போனவர், பரணில் அண்டா இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டார். நேராக வெளியே வந்தார். அம்மா நீட்டிய தண்ணீர்ச் சொம்பைத் தொடவில்லை.

"பொட்டிய எடு அம்மணி. போலாம். சீர்ப் பாத்தரத்த அடகு வெச்ச ஊட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

அடகு வைக்கவில்லை, வண்டியில் இருக்கிறது என்று சித்தப்பா கொட்டகைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. தங்கச்சி பேரில் பாதியை அறுத்து எறிந்திருப்பதைப் பார்த்து மாமாவின் முகம் கறுத்துவிட்டது. கட்டினவளின் பாத்திரத்தைத் தின்கிற இந்த வண்டி நாளைக்கு அவளையும் தின்னும் என்றார். அப்பா தலை குனிந்து நின்றார். சித்தப்பா, போகிறதானால் போ என்கிற மாதிரி சித்தியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கவே கூடாது.

அப்போதுதான் சித்தி முன்னால் வந்தாள். அப்பா நிற்கிறார், மிஸ்திரி நிற்கிறார், பண்ணையத்து ஆட்கள் நிற்கிறார்கள். அத்தனை பேருக்கு முன்னால் அவள் குரலை நாங்கள் அன்றைக்குத்தான் கேட்டோம்.

"எனக்குக் குடுத்தத நாந்தானுங்கண்ணா அறுக்கச் சொன்னேன். நாளைக்கு விடியால வண்டி மலையேறுது, நீங்களும் வாங்க. வழில எங்கியாச்சும் கொதிச்சு நின்னுச்சுன்னா அங்கியே எறங்கி உங்ககூடக் கோபிக்கு வந்தர்றேன். அவுங்க வண்டிய வித்துப்போட்டு ஏரப் புடிக்கட்டும். நிக்காமப் போச்சுன்னா எங்கூட்ல நீங்க கை நனைக்கோணும்."

மாமா சரி என்று தலையாட்டினார். ஆனால் எங்கள் வீட்டுத் தண்ணீரைக் கடைசிவரைக்கும் தொடவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் இளநீர் வெட்டிக் குடித்துவிட்டு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார். சித்தி அவருக்குச் சோறு எடுத்து வைத்து மூடிவிட்டு, தானும் சாப்பிடாமல் படுத்தாள்.

விடியற்காலையில் கிளம்பினோம். முன்னால் சித்தப்பாவும் மாமாவும். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் கரும்புக் கட்டுக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் சித்தியும் நானும். அழுது அடம் பிடித்து ஏறிக்கொண்டேன். வழக்கம்போலப் பழைய மண்ணெண்ணெய் டின் இரண்டில் தண்ணீரும், குடிக்க ஒரு சொம்புத் தண்ணீரும் இருந்தன. ஆழியாறு தாண்டியதும் சித்தி பேச்சை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு காதால் வண்டியைக் கவனித்தாள். எப்போதும் நிற்கிற வளைவு வந்தது. போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தி வலித்தது. நான் சொல்லவில்லை.

பாதி மலையில் ஒரு பஸ் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. அந்த வளைவில் ஓடை கிடையாது. ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பஸ் டிரைவர் கையைக் காட்டித் தண்ணீர் கேட்டார். ஏற்றத்தில் பாரத்தோடு நிறுத்தினால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. சித்தப்பா நிறுத்தினார். நிறுத்திவிட்டு, திரும்பிச் சித்தியைத்தான் பார்த்தார். சித்தி இரண்டு டின்னின் கயிற்றையும் அவிழ்த்துக் கீழே கொடுத்தாள். சொம்பைக் குழந்தையின் தாயிடம் கொடுத்தாள்.

"அம்மணி, இன்னும் பாதி மலை கெடக்குது. நம்முளுக்கு?" என்றார் மாமா.

"நம்முளுக்கு வேண்டீதில்லீங்கண்ணா."

என் வாழ்க்கையில் எத்தனையோ தைரியசாலிகளைப் பார்த்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைக்கு ஈடாக எதையும் பார்க்கவில்லை. குடித்தனத்தையே அந்தச் செம்புத் தொட்டிமேல் வைத்திருக்கிறாள், அதற்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீரையும் தூக்கிக் கொடுக்கிறாள்! காலி டின்களையும் சொம்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பஸ் ஜனமெல்லாம் சேர்ந்து எங்கள் வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் தோள் கொடுத்துத் தள்ளியவர் கோபி மாமா. வண்டி நின்றுபோனால் தங்கச்சியைக் கூட்டிப்போக வந்த மனுஷன். வண்டி நகர்ந்ததும் ஓடிவந்து தொற்றிக்கொண்டார்.

மேலே போகப் போகக் குளிர்ந்தது. ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் வெள்ளையாகப் புகைந்துகொண்டு வந்தது. சித்தி ஐயோ என்று சொல்லிக்கொண்டு எழுந்து நின்றேவிட்டாள். அது எங்கள் முகத்தில் பட்டபோது சில்லென்றிருந்தது. மேகம். சித்தி உட்கார்ந்து, முகத்து ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் இன்னும் கதவு திறந்துகொண்டிருந்தபோதே போய் நின்றோம். எஸ்டேட் ஜனம் கரும்பைப் பார்த்துவிட்டுக் கூட்டமாக வந்து சூழ்ந்துகொண்டது. வாரத்துக்கு இரண்டு தடவை வர முடியுமா என்று கடைக்காரர் சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா வேகமாகத் தலையை ஆட்டினார். மாமா வண்டியின் முன்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். செம்புத் தொட்டி உள்ளுக்குள் லேசாக முணுமுணுத்துக்கொண்டிருந்தது, ஒரு பொட்டு வெளியே வரவில்லை. பிறகு சித்தியிடம் வந்தார்.

"நேத்திருந்து எளநியாக் குடிச்சு வவுறு ஊதிப்போச்சு. தண்ணி குடு அம்மணி."

சித்தி டின்னைத் தூக்கினாள், காலி. இன்னொன்றும் காலி. சொம்பைக் கவிழ்த்துப் பார்த்தாள். அத்தனை நேரம் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அண்ணன் கேட்கும்போது கொடுக்கத் தண்ணீர் இல்லையே என்று பூசணிக்காய்மேல் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். சித்தப்பா டின்னைப் பிடுங்கிக்கொண்டு எஸ்டேட் குழாய்க்கு ஓடினார். அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கொண்டுவந்த தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை குப்பென்று அடித்தது. மாமா டின்னைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டு, மீசையெல்லாம் நனைய, கடைசிவரைக்கும் குடித்தார்.